பென் கர்டிஸ் ஜெயித்தாரா, பியோர்ன் விட்டுக்கொடுத்தாரா?

வணக்கம் சார்,

கால்ஃப் பற்றிய உங்கள் குறிப்பில் 2003 பிரிட்டிஷ் ஓபனைப் போகிறபோக்கில் ‘மகத்தான வெற்றி’ என்று சொல்லியிருந்தீர்கள். யூடியூபில் அந்தக் கடைசி நாளைத் தேடிப் பார்த்தேன். கண்ணில் பட்டதெல்லாம் தாமஸ் பியோர்ன் மணலில் மாட்டிக்கொண்டு தவித்ததுதான். உலகத் தரவரிசையில் 396ஆவது இடத்தில் இருந்த அமெரிக்கர் பென் கர்டிஸ், பியோர்ன் சொதப்பியதால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். இதில் என்ன மகத்துவம்? டென்னிஸில் 396ஆவது ஆள் விம்பிள்டனை ஜெயிக்க முடியுமா? முடியாது என்றால், கால்ஃப் திறமையைவிட அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டம் என்றுதானே அர்த்தம்? நான் கால்ஃப் ஆடியதில்லை, டிவியில் பார்ப்பதோடு சரி. தப்பாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

தப்பெல்லாம் இல்லை. உங்கள் கட்சியில் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் அதில் இல்லை, அவ்வளவுதான்.

முதலில் நீங்கள் பார்த்த அந்தக் காட்சி. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் சாண்ட்விச் என்ற ஊர், கடலோரம் ராயல் செயின்ட் ஜார்ஜஸ் மைதானம், 2003 ஜூலை 20, ஞாயிறு. நான்கு குழிகள் மட்டும் மீதி இருக்கும்போது டென்மார்க்கின் பியோர்ன் மூன்று அடி முன்னிலையில் இருக்கிறார் (அடி என்றால் இங்கே மட்டையால் பந்தை அடிக்கும் கணக்கு, மொத்தத்தில் குறைவாக அடித்தவருக்கே கோப்பை). 15ஆவது குழியில் ஒரு அடி போகிறது. 16ஆவது, மூன்று அடியில் முடிக்க வேண்டிய சின்னக் குழி, அங்கே பந்து பங்கரில், அதாவது மணல் பள்ளத்தில் விழுகிறது. மணலிலிருந்து அடிக்கிறார், பந்து மேட்டில் ஏறி, நின்று, உருண்டு அவர் காலடிக்கே திரும்பி வருகிறது. மறுபடி அடிக்கிறார், மறுபடியும் அதே. மூன்றாவது முறைதான் வெளியே வந்தது. அங்கே இரண்டு அடி போயிற்று, 17இல் இன்னொன்று, கடைசியில் ஒரே ஒரு அடியில் தோற்றார். பார்க்கக் கஷ்டமான காட்சிதான், மறுக்கவில்லை.

ஆனால் நான்கு நாள், 72 குழி ஆட்டத்தில் அந்த ஒரு குழியை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தால் எப்படி? இதே பியோர்ன் முதல் நாள் வியாழக்கிழமை 17ஆவது குழியில் என்ன செய்தார் தெரியுமா? அன்றும் பங்கர்தான். பந்து வெளியே வராத கோபத்தில் மட்டையால் மணலை ஓங்கி அடித்தார். பந்து இன்னும் பங்கருக்குள் கிடக்கும்போது அப்படி மணலைத் தொடக் கூடாது என்பது அன்றைய விதி (2019இல் தளர்த்திவிட்டார்கள்), அதற்கு இரண்டு அடி அபராதம், நான்கில் முடிக்க வேண்டிய குழியில் எட்டு. ஒரு அடியில் கோப்பையை விட்ட மனிதர் அந்த இரண்டு அடியைக் கோபத்தில் தொலைத்தவர். இந்த வியாழக்கிழமையை யாரும் வீடியோவாகப் போட்டுப் பரப்புவதில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் மவுசு.

‘அது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால்’ என்று ஆரம்பித்தால் அந்த வாரத்தில் ஆளுக்கொரு கதை இருக்கிறது. டைகர் உட்ஸ் வியாழக்கிழமை முதல் குழியிலேயே பந்தைப் புல்லில் தொலைத்து ஏழு அடித்தார், முடிவில் இரண்டு அடியில்தான் பின்தங்கினார். ஃபிஜியில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர் விஜய் சிங் பியோர்னைப் போலவே ஒரே அடியில் தோற்றார். இதெல்லாம்கூடப் பரவாயில்லை, மார்க் ரோ என்று ஒரு ஆங்கிலேயர், பாவம், சனிக்கிழமை அற்புதமாக 67 அடித்து, முன்னிலைக்கு இரண்டே அடி தூரத்தில் வந்து நின்றார். கால்ஃபில் உங்கள் ஸ்கோரை உடன் ஆடுபவர் எழுத வேண்டும், அதனால் தொடங்கும்போதே கார்டுகளை மாற்றிக்கொள்வார்கள். ரோவும் உடன் ஆடிய ஸ்வீடன்காரர் பார்னெவிக்கும் மாற்றிக்கொள்ள மறந்துவிட்டார்கள். கணக்கெல்லாம் சரி, எழுதியிருந்தது ஆள் மாறிய கார்டில். இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். இவ்வளவு பேருக்கு இவ்வளவு ‘இருந்திருந்தால்’ இருக்கும்போது பியோர்னுடையதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு கர்டிஸை எடைபோடுவது நியாயமாகப் படவில்லை.

சரி, கர்டிஸுக்கு வருவோம். அவர் அன்று சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பியோர்னுக்கு இரண்டு அடி பின்னால் தொடங்கி, முதல் 11 குழிகளில் ஆறு பர்டி போட்டார். அதாவது ஆறு குழிகளில், நியமித்ததைவிட ஒரு அடி குறைவாக. மேஜர் போட்டியின் (வருடத்தின் நான்கு பெரிய போட்டிகளை அப்படித்தான் சொல்வார்கள்) கடைசி நாளில், உட்ஸும் அமெரிக்கர் டேவிஸ் லவ்வும் சிங்கும் கூடவே துரத்திக்கொண்டிருக்கும்போது! அதன் பிறகு அவருக்கும் கை நடுங்கியது, மறைக்க வேண்டியதில்லை, கடைசி ஏழு குழிகளில் நான்கு அடி விட்டார். ஆனால் 18ஆவது குழியில் இன்னொரு அடி போகாமல் காப்பாற்ற ஒரு பட், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மெல்லிய அடி, தேவைப்பட்டது. அதைப் போட்டார். அது விழாமல் போயிருந்தால் பியோர்ன், சிங் இருவரோடும் சமநிலை, கூடுதல் ஆட்டம், யார் ஜெயித்திருப்பார்களோ. முடித்துவிட்டு, டை ஆகலாம் என்று பயிற்சித் திடலில் பந்து அடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஜெயித்த செய்தி வந்தது. மொத்தம் 283. நான்கு நாள் முடிவில் பாருக்கு, அதாவது நியமித்த மொத்த அடிக்கு, கீழே இருந்தவர் அவர் ஒருவர் மட்டுமே. மைதானம் எல்லோருக்கும் ஒன்றுதான், அதைத் தாண்டியவர் ஒருவர்தான். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

அப்புறம் டென்னிஸ். உங்கள் கேள்வியிலேயே நல்ல கேள்வி இது. விம்பிள்டனில் ஒருவர் ஏழு ஆட்டம் ஜெயிக்க வேண்டும், வழியில் எங்காவது உங்களைவிடப் பெரிய ஆள் வலைக்கு அந்தப் பக்கம் நின்று உங்கள் பலவீனத்தைக் கண்டுபிடித்து அதிலேயே அடித்துக்கொண்டிருப்பார். 2001இல் ஜெயித்த கோரன் இவானிசெவிச்தான் அங்கே ஆண்களில் மிகக் குறைந்த தரவரிசையிலிருந்து வென்றவர், அவரே 125ஆவது இடம், அதுவும் ஏற்கெனவே மூன்று தடவை இறுதிப்போட்டியில் தோற்ற பழைய புலி. கால்ஃபில் யாரும் உங்கள் பந்தைத் தடுக்க முடியாது. டைகர் உட்ஸ் எவ்வளவு நன்றாக ஆடினாலும் நீங்கள் அடிக்கும் பந்து ஒரு அங்குலம்கூட நகராது. நூற்றைம்பது பேர் ஒரே சமயத்தில் ஆடுகிறார்கள், அதில் யாராவது ஒருவருக்கு வாழ்க்கையின் சிறந்த வாரம் அமைந்துவிடும் வாய்ப்பு எப்போதும் உண்டு. ஜாக் நிக்லஸ் 18 மேஜர் ஜெயித்தார், ஆடியது 164. எட்டுப் பத்து தடவைக்கு ஒரு முறை ஜெயித்தாலே சரித்திரத்தில் முதல் ஆள் ஆகிவிடலாம் என்கிற ஆட்டம் இது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்வீர்களானால், மீதி 146 தடவையும் நிக்லஸுக்குத் திறமை இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும்.

396 என்ற எண்ணும் உங்களை ஏமாற்றுகிறது. கால்ஃப் தரவரிசை இரண்டு வருடக் கணக்கு, பெரிய போட்டிகளில் ஆடி ஆடித்தான் புள்ளி சேரும். ஆபீஸ் சீனியாரிட்டி லிஸ்ட் மாதிரி, நேற்று சேர்ந்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கீழேதான் பெயர் இருக்கும். கர்டிஸுக்கு அது அமெரிக்காவின் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் முதல் வருடம், வயது 26, அதுவரை ஒரு மேஜரில்கூட ஆடியதில்லை. இரண்டு வாரம் முன்பு வெஸ்டர்ன் ஓபனில் 13ஆவது இடத்தைப் பகிர்ந்துகொண்டதால்தான் சாண்ட்விச்சுக்கு இடமே கிடைத்தது. ஆனால் ஆட்டத்துக்குப் புதியவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒஹாயோ மாநிலத்தில் ஆஸ்ட்ராண்டர் என்ற சின்ன ஊரில், தாத்தா கட்டிய கால்ஃப் மைதானத்தின் ஓரத்திலேயே வீடு, வாசலை விட்டு இறங்கினால் பட் போடும் புல்தரை. அந்த மாநில அமெச்சூர் பட்டத்தை 1999, 2000 என்று அடுத்தடுத்து இரண்டு முறை ஜெயித்தவர். நமக்குத்தான் அவரைத் தெரியாது.

ஆடிய முதல் மேஜரிலேயே ஜெயிப்பது எவ்வளவு அபூர்வம் என்றால், அவருக்கு முன் அதைச் செய்தவரைத் தேட 1913 அமெரிக்க ஓபனுக்குப் போக வேண்டும். பாஸ்டன் பக்கம் புரூக்லைனில் ஃபிரான்சிஸ் விமெட் என்ற இருபது வயதுப் பையன், வீடு மைதானத்துக்கு எதிர்த்தெரு, மட்டைப் பையைத் தூக்கியது பத்து வயது எடி லோவரி. மூவர் சமநிலையில் வந்து மறுநாள் 18 குழி ஆடியபோது பையன் 72, அன்றைய உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களான ஹாரி வார்டன் 77, டெட் ரே 78. இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே ஆரம்பித்தால் கர்டிஸை மறந்துவிடுவேன்.

‘ஒரு தடவை குருட்டாம்போக்கில் அடித்தவர்’ என்ற பேச்சு கர்டிஸைக் கொஞ்ச காலம் விடவில்லை, அடுத்த இரண்டு வருடமும் அவருக்குச் சரியாக அமையவில்லை. 2006இல் இரண்டு போட்டிகளை ஜெயித்தார். 2008 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் கடைசி நாளை முன்னிலையில் தொடங்கி அயர்லாந்தின் ஹாரிங்டனிடம் இழந்தார், அதே வருடம் ஐரோப்பாவுக்கு எதிரான அணிப் போட்டியான ரைடர் கோப்பையை ஜெயித்த அமெரிக்க அணியில் இருந்தார், 2012இல் டெக்சாஸ் ஓபனை ஜெயித்தார். பெரிய ஜாம்பவான் என்று சொல்ல மாட்டேன். நல்ல ஆட்டக்காரர், ஒரு வாரம் எல்லோரையும்விட நன்றாக ஆடினார்.

பியோர்னுக்காக வருத்தப்பட்டீர்கள் அல்லவா, அவர் கதையையும் கேளுங்கள். 2011இல் ஓபன் மறுபடி அதே சாண்ட்விச்சுக்கு வந்தது. பியோர்ன் முதலில் பட்டியலிலேயே இல்லை, காத்திருப்போர் வரிசையில் இருந்தார். விலகி இடம்விட்டவர் யார் தெரியுமா, விஜய் சிங்! உள்ளே வந்த பியோர்ன் முதல் நாளே 65 அடித்து முன்னிலையைப் பகிர்ந்துகொண்டார், கடைசியில் நான்காம் இடம். மேஜர் ஒன்றும் ஜெயிக்கவில்லை. 2018இல் பாரிஸில் ஐரோப்பிய அணிக்குத் தலைவராக இருந்து ரைடர் கோப்பையை வாங்கிக்கொடுத்தார்.

நேரம் கிடைத்தால் அதே ஞாயிற்றுக்கிழமையின் முழு ஒளிபரப்பையும் தேடிப் பாருங்கள். 16ஆவது குழி வருவதற்கு முன்பு கர்டிஸ் ஆடிய முதல் பதினொன்றையும் பாருங்கள், அதன் பிறகும் உங்கள் கருத்து மாறவில்லை என்றால் எழுதுங்கள், சண்டை போடலாம்.