ஜிங்ஜி, கேய்சாய்: பணமே இல்லாத ‘பொருளாதாரம்’ - கேள்வி பதில்

பொருளாதாரத்துக்கு சீனத்துல ஜிங்ஜி, ஜப்பான்ல கேய்சாய். எழுத்து ரெண்டும் ஒண்ணுதான், உச்சரிப்புதான் வேற. இத பத்தி வந்த கேள்விங்கள்ல சிலதுக்கு பதில் போடுறேன்.

கேள்வி: அக்கா, நான் ஜப்பானிஸ் மொழி பரீட்சைல என்4 லெவலுக்கு படிக்கிறேன். கேய்சாய்ல ரெண்டு எழுத்தையும் தனியா எடுத்து பார்த்தா பணம், காசு, வியாபாரம் எதுவுமே இல்லையே, அப்புறம் எப்படி எகானமின்னு அர்த்தம் வந்துச்சு?

பதில்: நல்லா கவனிச்சிருக்கீங்க. முதல் எழுத்தோட இடப்பக்கம் நூலுக்கான குறி இருக்கும் பாருங்க, அந்த எழுத்துக்கு அர்த்தமே தறியில நீளவாக்குல கட்டுற பாவு நூல். பாவு சரியா இருந்தாத்தானே துணி நிக்கும், அதனால ஒழுங்குபடுத்துறது, ஆளுறதுன்னு அர்த்தம் நீண்டு போச்சு. ரெண்டாவது எழுத்துக்கு இடப்பக்கம் மூணு கோடு, அது தண்ணி. ஆத்த கடக்குறது, அப்புறம் கடக்க கை கொடுக்குறது. நம்ம ஊர்ல குடும்பத்த கரையேத்துறதுன்னு சொல்றோமே, அப்படியே அதேதான். நாலு எழுத்து தொடர் ஒண்ணு இருக்கு, ஜிங் ஷி ஜி மின், உலகத்த ஒழுங்கா நடத்தி ஜனங்கள கரையேத்துறது. அதுல முதல் எழுத்தையும் மூணாவது எழுத்தையும் எடுத்தா ஜிங்ஜி. 4ஆம் நூற்றாண்டுல கோ ஹோங்னு ஒரு சீன அறிஞர் எழுதினதுலயே கடைசி எழுத்து மட்டும் மாறி இந்த தொடர் வருது. சீனாவோட தாங் அரச வம்ச காலத்து கவிஞர் தூ ஃபூ ‘ஜிங்ஜி திறமை’ன்னு பாடினார்னா நாட்ட நிர்வாகம் பண்ற திறமைன்னு அர்த்தம், கணக்கு வழக்கு திறமை இல்ல.

கேள்வி: ஜப்பான் கோயில்ல ஓதுற புத்த சூத்திரத்துக்கு ஒக்யோன்னு சொல்றாங்க, அதுலயும் இந்த முதல் எழுத்துதான் இருக்கு. டைப்பிங் மிஸ்டேக்கா?

பதில்: மிஸ்டேக் இல்ல, அதே எழுத்துதான். பாவு நூல் அசையாம நிக்கும், குறுக்கால ஓடுற ஊடை நூல்தான் போயிட்டு வரும், அதனால எப்பவும் மாறாத பெரிய நூல்களுக்கு சீனாவுல இந்த எழுத்த வச்சாங்க, யீ ஜிங், ஷி ஜிங் எல்லாம் அப்படித்தான். புத்த நூல்கள் சீனத்துக்கு போனப்ப சூத்திரத்துக்கும் இதையே போட்டாங்க. சமஸ்கிருதத்துல சூத்திரம்னாலும் நூலிழைதான், தமிழ்ல நூல்னா இழையும் புஸ்தகமும் ரெண்டுமே, ஆக மூணு மொழியும் ஒரே இடத்துல வந்து நிக்குது, எனக்கு இது ரொம்ப பிடிச்ச விஷயம். உச்சரிப்பு ஏன் மாறுதுன்னா, ஜப்பானுக்கு சீன உச்சரிப்பு வேற வேற காலத்துல போச்சு. முன்னாடி போனது க்யோ, அது பௌத்தத்தோட ஒட்டிக்கிச்சு. தாங் காலத்து தலைநகர் பேச்ச ஒட்டி பின்னாடி போனது கேய். இன்னொண்ணு, மேப்ல தீர்க்கரேகைக்கும் இந்த பாவு எழுத்துதான், அட்சரேகைக்கு ஊடை நூல் எழுத்து. உலக உருண்டையவே தறியில ஏத்திட்டாங்க!

கேள்வி: என் கூட வேலை பாக்குற சீன பையன் இது எங்க வார்த்தைங்கறான், ஜப்பானிஸ் சென்சேய் (டீச்சர்) நாங்க உருவாக்கினதுங்கறாங்க. யார் சொல்றது கரெக்ட் சார்?

பதில்: சார் இல்லீங்க, அக்கா. வார்த்தை சீனாவோடது, இன்னிக்கு இருக்குற அர்த்தம் ஜப்பான்ல ஏறினது, இதுல சண்டை போட ஒண்ணும் இல்ல. 1729ல தஸாய் ஷுந்தாய்னு ஒரு அறிஞர் கேய்சாய் பத்தி ஒரு புக்கே எழுதினார், அதுல கேய்சாய்னா நாட்ட ஆளுறது, உலகத்த நடத்தி ஜனங்கள காப்பாத்துறதுன்னு பழைய அர்த்தத்தத்தான் சொல்றார், ஆனா உள்ள விவசாயம், பணம், வியாபாரம்னு நிறைய வருது, அர்த்தம் அப்பவே நகர ஆரம்பிச்சிருச்சுன்னு நான் பாக்குறேன். அப்புறம் மேற்கத்திய புக்குங்க வந்துச்சு, 1867ல காண்டா தகாஹிரா ஒரு இங்கிலீஷ் பொருளாதார புக்க டச்சு வழியா மொழிபெயர்த்து தலைப்புலயே கேய்சாய்னு போட்டார். அடுத்த வருஷம் 1868ல டோக்கியோ உஏனோ பக்கம் புது அரசாங்கத்து படைக்கும் பழைய ராணுவ ஆட்சியாளரான ஷோகனோட ஆளுங்களுக்கும் சண்டை, பீரங்கி முழங்குது, ஃபுகுஸாவா யுகிச்சிங்கற கல்வியாளர் தன் ஸ்கூல்ல அமெரிக்கர் வேலண்ட் எழுதின பொருளாதார புக்க வச்சு தன் பாட்டுக்கு க்ளாஸ் எடுத்துட்டு இருந்தார். அந்த ஸ்கூல்தான் கேயோ யுனிவர்சிட்டி, இன்னிக்கும் வருஷா வருஷம் அந்த நாள ஞாபகமா கொண்டாடுறாங்க. வேடிக்கை என்னன்னா அதே கேயோவுல 1890ல பொருளாதார டிபார்ட்மென்ட் ஆரம்பிச்சப்ப கேய்சாய்னு பேர் வைக்கல, ரிஸாய்னு வச்சாங்க, சொத்த நிர்வாகம் பண்றதுன்னு அர்த்தம், 1920லதான் கேய்சாய்னு மாத்தினாங்க. அதனால ஜப்பான்லயும் இது ஒரே நாள்ல ஜெயிக்கல.

கேள்வி: சீனாக்காரங்க சொந்தமா ஒரு வார்த்தை வச்சிக்கலையா?

பதில்: ஒண்ணா ரெண்டா! 1880ல பெய்ஜிங் அரசு மொழிப்பள்ளி வெளியிட்ட மொழிபெயர்ப்புல ‘நாட்ட செல்வமாக்குற வழி’ன்னு ஃபூகுவோ சே. ஆடம் ஸ்மித்த 1901-02ல சீனத்துல கொண்டுவந்த யென் ஃபூங்கறவர் ‘ஜீஷுயே’, அதாவது கணக்கு இயல்னு வச்சார். அவருக்கு ஜிங்ஜின்னா ரொம்ப அகலமா பட்டுது, நியாயம்தான். லியாங் சீச்சாவ்னு ஒரு எழுத்தாளர் பிழைப்பு இயல்ங்கற மாதிரி ஒண்ணு முயற்சி பண்ணார். ஆனா 1895ல ஜப்பான்கிட்ட சீனா தோத்த போருக்கு அப்புறம் சீன மாணவர்கள் கூட்டம் கூட்டமா ஜப்பான் போய் படிச்சாங்க, ஜப்பானிய புக்குங்கள மொழிபெயர்க்கும்போது எழுத்து ஏற்கனவே சீன எழுத்துதானே, அப்படியே எடுத்து வச்சிக்கிட்டாங்க, புதுசா யோசிக்கிற வேலை மிச்சம். யென் ஃபூ வார்த்தைங்க அழகு, ஆனா படிக்கிற பசங்க கையில இருந்தது ஜப்பான் புக். இதுல ஒரு குழப்பம் பாருங்க, 1903ல அப்ப சீனாவ ஆண்ட சிங் வம்ச அரசாங்கம் ‘ஜிங்ஜி’ ஸ்பெஷல் பரீட்சைன்னு ஒண்ணு நடத்துச்சு, அது எகனாமிக்ஸ் பரீட்சை இல்ல, பழைய அர்த்தத்துல நாட்டு நிர்வாகத்துக்கான பரீட்சை. ஒரே நேரத்துல ரெண்டு அர்த்தமும் ஊருக்குள்ள நடமாடியிருக்கு.

கேள்வி: ஃபிளைட் டிக்கெட்ல எகானமி கிளாஸுக்கும் இதேவா?

பதில்: சீனாவுல ஆமா, ஜிங்ஜி சாங். சிக்கனம், விலை மலிவுங்கற அர்த்தம் ரெண்டு மொழியிலயும் உண்டு. ஜப்பான்ல ஃபுகேய்சாய்னா வீண் செலவு.

கேள்வி: கொரியன்ல என்ன சொல்வாங்க?

பதில்: க்யோங்ஜே. வியட்நாம்ல கின் தே. எல்லாம் அதே ரெண்டு எழுத்தோட உள்ளூர் உச்சரிப்பு.

கேள்வி: அக்கா, இதே மாதிரி எழுத்து ஒண்ணா இருந்தும் அர்த்தம் மாறி மாட்டிக்கிற வார்த்தை இருந்தா சொல்லுங்க, அடுத்த மாசம் ஒசாகா போறேன்.

பதில்: தெகாமின்னா ஜப்பான்ல கடிதம், அதே எழுத்த சீனால காட்டினா டாய்லெட் பேப்பர். ஒசாகா போறீங்கன்னா உங்களுக்கு பென்க்யோ. ஜப்பான்ல படிக்கிறதுன்னு அர்த்தம், சீனத்துல மியென்ச்சியாங், மனசில்லாம கஷ்டப்பட்டு செய்யறது. ஜப்பான் கடைக்காரங்க ‘பென்க்யோ ஷிமாஸ்’னு சொன்னா படிக்கப் போறாங்கன்னு நினைச்சிராதீங்க, விலைய குறைச்சு தர்றேன்னு அர்த்தம், உடனே எவ்ளோன்னு கேட்டுருங்க.