ஆலோசகர் கட்சி மேடை ஏறலாமா?

கேள்வி: அரசு ஆலோசகர்கள் மேடையில் எதிர்க்கட்சியை வசைபாடுகிறார்கள். கேட்டால் 'தனிப்பட்ட கருத்து' என்கிறார்கள். இது முறையா? (வாசகர், சைதாப்பேட்டை, சென்னை)

பதில்: முறையே இல்லை. ராஜா அண்ணாமலை மன்றத்தில் கூட்டம் என்றால் அழைப்பிதழில் பெயருக்குக் கீழே 'அரசு ஆலோசகர்' என்று அச்சாகிறது. வாசலில் அரசு கார் நிற்கிறது. பதவியைக் காட்டிக் கூட்டம் சேர்த்துவிட்டு, பேசியது மட்டும் சொந்தக் கருத்து என்றால் யார் ஏற்பது?

தலைமைச் செயலகத்தில் ஓர் உதவிப் பிரிவு அலுவலர் இதில் கால்வாசி பேசினாலும் 17(பி) மெமோ, அதாவது கடும் தண்டனை வரை போகக்கூடிய ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை, கைக்கு வந்துவிடும். 1973-ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள் கட்சி அரசியலுக்கு இடம் தருவதில்லை. அமைச்சர் தாராளமாகப் பேசலாம். அவர் ரகசியக் காப்புப் பிரமாணம் எடுத்தவர், சட்டமன்றத்தில் எழுந்து பதில் சொல்ல வேண்டியவர். ஆலோசகரோ கொள்கை முடிவுகளின் போது உடன் இருக்கிறார். கேள்வி நேரத்தில் அவரை எந்த உறுப்பினரும் நிறுத்திக் கேட்க முடியாது. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

2023 ஆகஸ்டில், பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுத் தலைவராக இருந்த பிபேக் தேப்ராய், புதிய அரசியலமைப்புச் சட்டம் தேவை என்று கட்டுரை எழுதினார். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான், அது அவருடைய சொந்தக் கருத்து என்று குழு விளக்கம் கொடுத்தது.

பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறப்பு ஆலோசகர்களுக்கென்றே நடத்தை விதிகளை வெளியிட்டாக வேண்டும். மேடைப் பேச்சு, கட்டுரை, சமூக ஊடகம் எதிலும் அவர்கள் அரசியல் சர்ச்சையில் பகிரங்கமாக இறங்கக் கூடாது. அங்கும் மீறல் உண்டு. 2020 மே மாதம், ஊரடங்கின்போது வெளியூர் சென்ற விவகாரத்தில், பிரதமரின் ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் பிரதமர் இல்லத் தோட்டத்தில் உட்கார்ந்து நிருபர்களுக்குப் பதில் சொன்னார். பிரதமர் அவரைக் கைவிடவில்லை. ஆனாலும் ஆலோசகருக்கு இது தகுமா என்று கேட்க, மக்கள் கையில் அச்சிட்ட விதி இருந்தது. நம்மிடம் அப்படிச் சட்டம் கட்டாயமாக்கிய விதிகள் இல்லை; நியமன அரசாணையில் என்ன எழுதினார்களோ அதுதான்.

நிபுணர்கள் வாய்மூடி இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மின்கட்டணம் ஏன் உயர்ந்தது என்று விவரம் அறிந்த ஆலோசகர் புள்ளிவிவரத்தோடு விளக்கினால் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். எந்தத் துறை பற்றிப் பேசலாம், யார் அனுமதி வேண்டும், மீறினால் எந்த அமைச்சர் பொறுப்பு என்பதை நியமன அரசாணையிலேயே எழுதி வெளியிடட்டும். கட்சி மேடைதான் வேண்டும் என்பவர், முந்தைய நாளே ராஜினாமாக் கடிதத்தைக் கோட்டையில் கொடுத்துவிட்டு வரட்டும்.