ரவுட்டர் யார் பேச்சை நம்புகிறது?

கேள்வி: வீட்டு மூலையில் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் பெட்டியை ரவுட்டர் என்கிறார்கள். சிகாகோவில் இருக்கும் மகளோடு நான் பேசும்போது, அங்கே வரைக்கும் வழி கண்டுபிடிப்பது அந்தப் பெட்டிதானா?
– வாசகி, தாராபுரம்

பதில்: இல்லை அம்மா. உங்கள் வீட்டுப் பெட்டிக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். வீட்டுக்குள் இருக்கும் போனுக்கோ டிவிக்கோ வந்ததை உள்ளே கொடுக்கும். மற்றது எதுவானாலும் இணைப்பு தந்த நிறுவனத்தின் ரவுட்டரிடம் தள்ளிவிடும். டீஃபால்ட் ரூட் என்று இதைச் சொல்வோம். வழி தேடுவது அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. அங்கேயும் சிகாகோ வரைக்கும் முழு வழியைப் போட்டுக்கொடுக்கிற பெட்டி எதுவும் கிடையாது. உங்கள் பேச்சு பாக்கெட் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் போய்ச்சேர வேண்டிய முகவரி இருக்கும். இடையில் இருக்கும் ஒவ்வொரு ரவுட்டரும் அந்த முகவரியைத் தன் அட்டவணையில் தேடிப் பார்த்து, அடுத்து யாரிடம் கொடுப்பது என்று மட்டும் முடிவு செய்யும். கொடுத்த கையோடு அடுத்த பாக்கெட்டுக்குப் போய்விடும். அந்த அட்டவணையை யார் நிரப்புகிறார்கள், யார் சொன்னதைக் கேட்டு நிரப்புகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

கேள்வி: ரிப், ஓஎஸ்பிஎஃப் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒவ்வொரு தேர்விலும் கேட்கிறார்கள். டிஸ்டன்ஸ் வெக்டர், லிங்க் ஸ்டேட் என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறேன். ஆனால் புரியவில்லை.
– பொறியியல் மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, இரண்டுமே ரவுட்டர் தன் அட்டவணையை நிரப்பிக்கொள்ளும் முறைகள். தெரியாத ஊரில் தெருமுனைக்குத் தெருமுனை வழி கேட்டுக்கொண்டே போவது ரிப், அதாவது டிஸ்டன்ஸ் வெக்டர். ஊரின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தானே வழி பார்த்துப் போவது ஓஎஸ்பிஎஃப், அதாவது லிங்க் ஸ்டேட். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

ரிப்பில் ஒரு ரவுட்டர் 30 விநாடிக்கு ஒருமுறை தன் அட்டவணையைப் பக்கத்து ரவுட்டர்களிடம் ஒப்பிக்கும். இந்த நெட்வொர்க்கை இத்தனை எட்டில் (ஒரு ரவுட்டரிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது ஓர் எட்டு, ஹாப்) தொடுவேன், அதை அத்தனை எட்டில் தொடுவேன் என்று. கேட்கிற ரவுட்டர் அதோடு ஒன்றைக் கூட்டி எழுதிக்கொள்ளும். அதிகபட்சம் 15 எட்டு, 16 என்றால் வழி இல்லை என்று உங்கள் புத்தகத்தில் இருக்கும். அந்த 16 எதற்கு என்று யோசியுங்கள், முழுப் பாடமும் பிடிபட்டுவிடும்.

ஒரு தாளில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு ரவுட்டர் வரையுங்கள். மேற்கின் பின்னால் ஒரு நெட்வொர்க். மேற்கு அதை 1 என்று சொல்கிறது, கிழக்கு 2 என்று எழுதி வைத்திருக்கிறது. இப்போது மேற்கிலிருந்து அந்த நெட்வொர்க்குக்குப் போகும் கேபிள் அறுந்துவிட்டது. மேற்கு வாயைத் திறப்பதற்குள் கிழக்கு முந்திக்கொண்டு, "எனக்கு 2" என்கிறது. அந்த 2 தன்னிடமிருந்தே போன சேதி என்பது மேற்குக்குத் தெரியாது. சரி, கிழக்கு வழியாகப் போனால் 3 என்று எழுதிக்கொள்கிறது. அதைக் கேட்டுக் கிழக்கு 4 என்கிறது, மேற்கு 5 என்கிறது. இல்லாத வழிக்கு எண் ஏறிக்கொண்டே போகிறது, பாக்கெட்டுகள் இரண்டுக்கும் நடுவே அல்லாடுகின்றன. எங்காவது ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டும் என்பதால்தான் 16. சார்ல்ஸ் ஹெட்ரிக் 1988-இல் எழுதிய ஆர்எஃப்சி 1058 என்ற இணைய விதிமுறை ஆவணத்தில் இது தெளிவாக இருக்கிறது. கைடு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒருமுறை அதைப் படியுங்கள்.

ஓஎஸ்பிஎஃப் ரவுட்டர் மற்றவர் சொன்னதைக் கூட்டிக் கழித்துத் திருப்பிச் சொல்வதில்லை. தன்னோடு நேரடியாக இணைந்திருப்பது எது, அதன் செலவு எவ்வளவு என்பதை மட்டும் சொல்லும். அந்தச் சேதி ஒரு எழுத்துகூட மாறாமல் அந்தப் பகுதியில் இருக்கும் எல்லா ரவுட்டர்களுக்கும் போய்ச்சேரும். எல்லோரிடமும் ஒரே வரைபடம் இருப்பதால், குறைந்த செலவில் போகும் வழியை அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்தக் கணக்கை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, பேனா பேப்பர் இல்லாமல், 20 நிமிடத்தில் யோசித்து முடித்தார். 1959-இல் மூன்று பக்கக் கட்டுரையாக வெளியிட்டார். இன்றைக்கும் ஒரு லிங்க் விழுந்தால் ரவுட்டர் ஓட்டுவது அதே கணக்கைத்தான்.

ஆனால் வரைபடமும் ஒருவர் சொன்னதை வைத்துத்தான் வரையப்படுகிறது. இணையத்தின் முன்னோடியாக 1969-இல் தொடங்கிய ஆர்பாநெட் முதலில் கேட்டுப் போகும் முறையில்தான் ஓடியது. பத்தாண்டு கழித்துத்தான் வரைபட முறைக்கு மாற்றினார்கள். புதிய முறை வந்து அதிக நாள் ஆகவில்லை, 1980 அக்டோபர் 27 அன்று நெட்வொர்க் முழுவதும் பல மணி நேரம் படுத்துவிட்டது. ஒரு கணுவின், அதாவது அந்த நெட்வொர்க்கில் ரவுட்டர் வேலை பார்த்த பெட்டியின், சேதிக்குப் பழையது புதியது தெரிவதற்காக ஒரு வரிசை எண் உண்டு. 0-இலிருந்து 63 வரை போய் மறுபடி 0-க்கு வரும். ஹார்டுவேர் கோளாறில் ஒரு பிட் விழுந்து 44 என்பது 40 ஆனது, இன்னொரு பிட் விழுந்து 8 ஆனது. ஒரே கணுவின் பெயரில் மூன்று சேதிகள் சுற்றத் தொடங்கின. வட்டமாக எண்ணினால் 40-ஐவிட 44 புதியது, 8-ஐவிட 40 புதியது, 44-ஐவிட 8 புதியது! ஒவ்வொரு கணுவும் வந்ததைப் புதிது என்று நம்பி எல்லோருக்கும் அனுப்பியது. வேறு எதற்கும் இடமில்லாமல் போய்விட்டது. அந்தக் கணுவின் பேச்சைக் கேட்காதே என்று மென்பொருளில் ஒட்டுப் போட்டுத்தான் மீட்டார்கள். ஓஎஸ்பிஎஃப் சேதிகளில் பிழையைக் கண்டுபிடிக்கும் செக்சம் என்ற எண் இருப்பதும், புதுப்பிக்காத சேதி ஒரு மணி நேரத்தில் காலாவதி ஆவதும், வரிசை எண் வட்டமாகச் சுற்றாமல் நேர்கோட்டில் ஏறுவதும் ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

கேள்வி: என் வீட்டிலும் எதிர்ச்சாரியில் இருக்கும் என் கடையிலும் வேறு வேறு நிறுவனத்தின் இணைப்பு. பாக்கெட் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட்டை ஓட்டிப் பார்த்தால் கடை கேமராவுக்குப் போகிற வழி சென்னை, மும்பை என்று சுற்றிக்கொண்டு வருகிறது. யாராவது தப்பாக வைத்துவிட்டார்களா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தப்பாக வைக்கவில்லை, அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஒரே நிறுவனத்துக்குள் என்றால் செலவு குறைந்த வழி. நிறுவனம் மாறும்போது அந்தக் கணக்கு செல்லாது. அங்கே நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறை பிஜிபி. 1989 ஜனவரியில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் நடந்த கூட்டத்தில், ஐபிஎம்மின் யாக்கோவ் ரெக்டரும் சிஸ்கோவின் கிர்க் லோஹீடும் சாப்பாட்டு மேசையில் கை துடைக்கும் காகிதத்தில் வரைந்தது. அதன் நான்காம் பதிப்பில்தான் உலக இணையமே இன்று ஓடுகிறது.

இதில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஏஎஸ் எண் என்று ஓர் அடையாள எண் உண்டு. வழியைப் பற்றிச் சொல்லும்போது, அது எந்தெந்த ஏஎஸ் எண்களைத் தாண்டி வந்தது என்ற பட்டியலும் கூடவே வரும். பட்டியலில் தன் எண் இருந்தால் அந்த வழியை ரவுட்டர் தள்ளிவிடும். மேலே சொன்ன கிழக்கு மேற்குக் குழப்பம் இங்கே வராததற்கு இதுவே காரணம். ஆனால் பட்டியலின் நீளத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே ரவுட்டர் பார்ப்பது லோக்கல் பிரிஃபரன்ஸ் என்ற எண்ணை. எந்த வழிக்கு அது பெரிதோ அந்த வழிதான். அதை வைப்பது மனிதர்கள். நான் வேலை பார்த்த கன்ட்ரோல் ரூமில் வாடிக்கையாளரிடமிருந்து வரும் வழிக்கு 200, பல நிறுவனங்கள் வந்து இணையும் எக்ஸ்சேஞ்சில் காசு வாங்காமல் பரிமாறிக்கொள்ளும் நிறுவனத்தின் வழிக்கு 150, நாங்கள் காசு கொடுக்கும் பெரிய நிறுவனத்தின் வழிக்கு 100 என்று வைத்திருப்போம். பெரும்பாலான நிறுவனங்களில் எண் மாறும், வரிசை மாறாது. எது வருமானம், எது செலவு என்பதுதான் அந்த வரிசை.

அப்புறம், யாரிடம் எதைச் சொல்வது என்றும் ஒரு கணக்கு இருக்கிறது. நான் காசு கொடுத்து வாங்கும் வழியை, எக்ஸ்சேஞ்சில் சந்திக்கும் இன்னொரு நிறுவனத்திடம் சொல்ல மாட்டேன். சொன்னால் அவர்களுடைய டிராஃபிக்கை என் செலவில் சுமக்க வேண்டிவரும். ஆக, கேபிள் இருந்தும் ரவுட்டர் கண்ணுக்குத் தெரியாத வழிகள் நிறைய உண்டு.

உங்கள் விஷயத்தில் அந்த இரண்டு நிறுவனங்களும் கைகுலுக்கும் இடம் மும்பையாக இருக்கலாம். நம் நாட்டு டிராஃபிக் நாட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்றுதான் 2003-இல் நிக்ஸி என்ற எக்ஸ்சேஞ்ச் அமைப்பு ஏற்படுத்தப்பட்டது, சென்னையிலும் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் அங்கே இருவரும் வந்து இணைந்தால்தானே பலன்! கண்ணாடி இழையில் ஒளி ஆயிரம் கிலோமீட்டர் போக 5 மில்லிசெகண்ட் ஆகும். கேமராவுக்கு அது பெரிதில்லை. மும்பைப் பாதையில் ஒரு கோளாறு வந்தால் எதிர்ச்சாரிக் கடை கண்ணுக்குத் தெரியாமல் போகுமே, என் கவலை அதுதான். கோவை போன்ற ஊர்களில் உள்ளூரிலேயே பரிமாறிக்கொள்ள நிறுவனங்கள் முன்வர வேண்டும். இணைப்பு புதுப்பிக்கும்போது, "அந்த நிறுவனத்தோடு எங்கே பியரிங் (நேரடிப் பரிமாற்றம்) வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் அந்தக் கேள்வி மேலே போகும்.

கேள்வி: பக்கத்து நிறுவனம் சொல்வதை நம்பித்தான் இணையம் ஓடுகிறது என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். அவர்கள் தப்பாகச் சொன்னால்?
– வாசகர், சேலம்

பதில்: சொல்லியிருக்கிறார்கள். 2008 பிப்ரவரி 24 அன்று நடந்ததைச் சொல்கிறேன். யூடியூபைத் தடுக்கச் சொல்லி பாகிஸ்தான் அரசு உத்தரவு போட்டிருந்தது. யூடியூப் அப்போது 208.65.152.0/22 என்று, அதாவது 1,024 முகவரிகளை ஒரே தொகுதியாக அறிவித்திருந்தது. பாகிஸ்தான் டெலிகாம் அதற்குள்ளிருந்து 256 முகவரிகளை மட்டும் எடுத்து, 208.65.153.0/24 என்னிடம் இருக்கிறது என்று தன் ரவுட்டரில் அறிவித்தது. நாட்டுக்குள் வருகிற கோரிக்கைகளை இழுத்துக் குப்பையில் போடுவதுதான் நோக்கம். அந்த அறிவிப்பு வெளியே கசிந்து, மேலே இணைப்பு தரும் ஹாங்காங் நிறுவனமான பிசிசிடபிள்யூவுக்குப் போனது. இது உன்னுடைய முகவரியா என்று கேட்காமல் அவர்களும் உலகுக்குச் சொல்லிவிட்டார்கள். நம் நேரப்படி அப்போது 25-ஆம் தேதி பிறந்து நள்ளிரவு 12.17.

ரவுட்டருக்கு ஒரு விதி உண்டு. ஒரு முகவரிக்கு இரண்டு அறிவிப்பு இருந்தால், குறுகலான தொகுதியே வெல்லும். பட்டியல் நீளம், லோக்கல் பிரிஃபரன்ஸ் எல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால் உலகின் பெரும்பகுதியில் யூடியூபுக்குப் போக வேண்டியது பாகிஸ்தானை நோக்கித் திரும்பியது. 1.37-க்கு யூடியூப் தானும் அதே 256 முகவரிகளை அறிவித்தது. இப்போது இருவரில் யார் பக்கமோ அங்கே போனது. 11 நிமிடம் கழித்து 128, 128 என்று இன்னும் குறுக்கிப் பார்த்தார்கள். அவ்வளவு சிறிய துண்டைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை என்பதால் அது ஓரளவுக்கே உதவும். 2.31-க்கு ஹாங்காங் நிறுவனம் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்ற பிறகுதான் சரியானது.

அதில் கெட்ட எண்ணம் இல்லை. 2018 ஏப்ரல் 24 அன்று நடந்தது அப்படியில்லை. தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரியைச் சொல்லும் சேவை டிஎன்எஸ். அமேசானின் டிஎன்எஸ் முகவரிகளை வேறொருவர் அறிவித்து, ஒரு கிரிப்டோ வாலட் தளத்துக்கு வந்தவர்களைப் போலித் தளத்துக்குத் திருப்பி, பணத்தைத் திருடினார்கள்.

இதற்கு மருந்து ஆர்பிகேஐ. முகவரிக்கு உரியவர், "இந்தத் தொகுதியை இந்த ஏஎஸ் எண் மட்டும் அறிவிக்கலாம், இந்த அளவுக்குக் கீழே குறுக்கக் கூடாது" என்று டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு வைப்பார். மற்ற ரவுட்டர்கள் அதோடு ஒப்பிட்டு, பொருந்தாததை ஏற்காமல் விடலாம். இது இருந்து, எல்லோரும் ஒப்பிட்டும் பார்த்திருந்தால் 2008-இல் நடந்தது பாகிஸ்தானைத் தாண்டியிருக்காது. இதில் இன்னும் ஒரு ஓட்டை உண்டு. தொகுதியை முதலில் அறிவித்தவர் யார் என்பதைத்தான் சரிபார்க்கிறதே தவிர, நடுவில் வந்த பட்டியல் உண்மையா என்று பார்ப்பதில்லை. ஆனாலும் பாதிக் கதவையாவது பூட்டலாமே. நம் ஊரில் சொந்த ஐபி முகவரி வைத்திருக்கும் கல்லூரிகளும் நிறுவனங்களும் இந்தியாவில் ஐபி முகவரிகளைப் பதிவு செய்யும் ஐரின் அமைப்பு மூலமாக இதைப் பதிவு செய்யலாம். இதைச் செய்யாமல் விட்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறவில்லை. உங்கள் கல்லூரியில், அலுவலகத்தில் சிஸ்டம் அட்மினிடம் கேளுங்கள், செய்திருக்கிறார்களா என்று.

கேள்வி: அச்சகம் நடத்துகிறேன். பெரிய டிசைன் ஃபைல்கள் வரும். 100 எம்பிபிஎஸ் இணைப்பு இரண்டு வாங்கி ரவுட்டரில் சேர்த்தால் 200 கிடைக்குமா?
– வாசகர், சிவகாசி

பதில்: ஒரு ஃபைலுக்குக் கிடைக்காது. இரண்டு வழி இருந்தாலும், ஒரு டவுன்லோடின் பாக்கெட்டுகள் எல்லாவற்றையும் ரவுட்டர் ஒரே வழியில்தான் அனுப்பும். இரண்டு முனை முகவரிகளையும் போர்ட் எண்களையும் வைத்து ஒரு கணக்குப் போட்டு, எந்த வழி என்று தீர்மானித்துவிடும். பாதியை அங்கும் பாதியை இங்கும் விட்டால் முன்னே பின்னே வந்து சேரும். அதைப் பார்த்து, பாக்கெட்டுகள் சரியாக வந்து சேர்கின்றனவா என்று கவனிக்கும் டிசிபி, எங்கோ பாக்கெட் தொலைந்துவிட்டது என்று நினைத்து வேகத்தைக் குறைத்துவிடும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் இடம் என்றால் சுமை இரண்டிலும் பிரியும், மொத்தத்தில் பலன் தெரியும். உங்களுக்குத் தேவை பெரிய ஃபைல் சீக்கிரம் வருவது என்றால் ஒரே இணைப்பை 200 ஆக வாங்குங்கள்.

ஒன்று நின்றால் இன்னொன்று இருக்கட்டும் என்பதற்காக இரண்டு வாங்குவதாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் கேபிள் போடுகிறவர்களிடம் பேசுங்கள். இரண்டு நிறுவனத்தின் ஃபைபரும் ஒரே கம்பத்தில் அல்லது ஒரே பள்ளத்தில் வருவது சகஜம். ஒரு ஜேசிபி தோண்டினால் இரண்டும் போகும். அப்படி இருந்தால் இரண்டாவதை 5ஜி அல்லது ரேடியோ இணைப்பாக வாங்கிக்கொள்ளுங்கள்.