பிரமிடைக் கட்டியது அடிமைகளா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எகிப்து பாடம் நடந்தபோது, பிரமிடுகளைச் சாட்டையடி வாங்கிய அடிமைகள்தான் கட்டினார்கள் என்று நண்பன் சொன்னான். உண்மையா?

பதில்: இல்லை தம்பி. 1990இல், பிரமிடுகள் இருக்கும் கீசாவில் ஒரு குதிரையின் கால் மண்சுவரில் இடறியது, தோண்டிப் பார்த்தால் பிரமிடு கட்டியவர்களின் கல்லறைகள்! அடிமைகளை மன்னனின் பிரமிடுக்குப் பக்கத்திலேயா புதைப்பார்கள்? முறிந்த கை எலும்பு சிகிச்சையில் நேராகக் கூடியிருக்கிறது, அவர்கள் தங்கிய குடியிருப்பில் ரொட்டி சுட்ட இடங்களும் கிடைத்தன. வேலை லேசானதில்லை, முதுகெலும்பு தேய்ந்த எலும்புக்கூடுகளும் உண்டு. அப்புறம், மெரர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பைப் பற்றி உன் ஆசிரியரிடம் அவசியம் கேள்: தூரா கல்குவாரியில் சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றி, தன் ஆட்களோடு நைல் வழியே கீசாவுக்குக் கொண்டுபோனதை நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பாப்பிரஸ் (கோரைப்புல்) தாள்கள் 2013இல் செங்கடல் கரையில் கிடைத்தன, வயது சுமார் 4,500 ஆண்டு!