இயந்திரம் நகரும்போது நாம் எங்கே நிற்கிறோம்?

நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களில் வண்டிகளாலும் இயந்திரங்களாலும் ஏற்படும் காயங்களைப் பற்றி இந்த வாரம் பல கேள்விகள் வந்திருக்கின்றன. கோலாலம்பூர் வாசகர்களுக்கு இது தூரத்து விஷயமில்லை என்பதை முதல் கேள்வியே காட்டுகிறது.

எங்கள் தாத்தா பத்து ஆராங் சுரங்கத்தில் வேலை செய்தவர். வலது கையில் இரண்டு விரல் இருக்காது. "தொட்டி நசுக்கிடுச்சு" என்பார். அது என்ன தொட்டி? (ரவாங்)

நிலக்கரி ஏற்றும் சிறிய இரும்பு வண்டியைத்தான் சொல்லியிருப்பார். சிலாங்கூரில் உள்ள பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி எடுத்தார்கள். அந்தக் காலத்து நிலத்தடிச் சுரங்கங்களில் தண்டவாளத்தில் ஓடும் தொட்டிகளை இரும்புக் கயிற்றால் இழுப்பது வழக்கம். இரண்டு தொட்டிகளைக் கொக்கி மாட்டி இணைக்க, ஒருவர் நடுவில் கையை விட்டே ஆக வேண்டும். பின்னால் இருக்கும் தொட்டி ஓர் அங்குலம் உருண்டாலே விரல் போய்விடும். தாத்தா கவனமில்லாமல் இருந்தார் என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். கையை நடுவில் விட்டால்தான் வேலை நடக்கும் என்று வைத்திருந்ததுதான் தவறு.

மகன் குயின்ஸ்லாந்தில் நிலத்தடிச் சுரங்கத்தில் மெக்கானிக். கரி வெட்டும் இயந்திரத்தை ரிமோட்டில்தான் ஓட்டுகிறார்களாம். அப்படியானால் பயமில்லைதானே? (செந்தூல்)

அம்மா, ரிமோட் வந்ததால் ஒரு பெரிய நன்மை உண்டு. ஓட்டுபவர் கூரை சரியும் இடத்துக்குள் போக வேண்டியதில்லை. ஆனால் அதே ரிமோட் அவரை இருக்கையிலிருந்து இறக்கி, இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டது. வெட்டும் உருளை தெரிய வேண்டும், தரையில் கிடக்கும் மின்கேபிள் நசுங்காமல் பார்க்க வேண்டும் என்று ஒவ்வோர் அடியாக நெருங்கிப் போவார். இயந்திரம் திரும்பும்போது அதன் வால்பகுதி பக்கவாட்டில் வீசும். அதற்கும் கரிச்சுவருக்கும் நடுவில் ஆள் மாட்டிக்கொள்வார். பெரும்பாலும் வெட்டும்போது அல்ல, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தும்போதுதான் இந்த ஆபத்து அதிகம்.

இதற்கு நல்ல தீர்வு இருக்கிறது. இயந்திரத்தைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாக்குவார்கள்; அதை உணரும் ஒரு சிறு கருவியைத் தொழிலாளி இடுப்பில் அணிவார். நெருங்கினால் முதலில் எச்சரிக்கும், இன்னும் நெருங்கினால் இயந்திரமே நின்றுவிடும். அமெரிக்கா 2015இல் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களின் வெட்டு இயந்திரங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. மகனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: அங்கே இந்தக் கருவி உண்டா? பழுது பார்க்கும்போது இயந்திரத்தின் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுகிறார்களா? மெக்கானிக்குக்கு இரண்டாவதுதான் உயிர்.

அப்புறம், காற்றோட்டத்துக்காகச் சுரங்கப் பாதையில் திரை தொங்கவிடுவார்கள். கரி ஏற்றிய வண்டி அதைத் தள்ளிக்கொண்டு வரும்போது, திரைக்கு அந்தப் பக்கம் நிற்பவரை ஓட்டுநர் பார்க்கவே முடியாது. அங்கே நிற்கக் கூடாது என்பதையும் சொல்லுங்கள்.

சுரங்க இயந்திரத்தில் கார் சென்சார், கேமரா வாங்கி மாட்டினால் போதாதா? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

போதாது. நிலக்கரியிலிருந்து மீத்தேன் என்ற எரிவாயு கசியும். அது காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு பொறியிலேயே வெடிக்கும். அதனால் பொறி வெளியே வராதபடி செய்து, சோதித்துச் சான்று பெற்ற கருவிதான் உள்ளே போகலாம்.

நான் கிள்ளானில் கிடங்கில் வேலை செய்கிறேன். போர்க்லிஃப்ட் காலில் ஏறிவிட்டது. "சொக்சோவுக்கு எழுத வேண்டாம், மருந்துச் செலவு நான் தருகிறேன்" என்கிறார் முதலாளி. (கிள்ளான்)

வேண்டாம் தம்பி, சம்மதிக்காதீர்கள். விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு, அதாவது மலேசியாவின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு, தெரிவிப்பது முதலாளியின் கடமை. மருத்துவ விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், கணக்கிடும் தினக்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். கால் பிறகு சரியாக நடக்காமல் போனால் நிரந்தர இயலாமைக்கும் கோரலாம், பதிவு இருந்தால்தான். உங்களோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2019 முதல் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு, அவர்களிடமும் சொல்லுங்கள்.

இன்னொன்று. திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலக உங்களுக்கு உரிமை உண்டு. அதற்காக உங்களைத் தண்டிக்கக் கூடாது.

விபத்து நடந்த நாள், நேரம், பார்த்தவர்களின் பெயர் எல்லாவற்றையும் இன்றே எழுதி வையுங்கள். கிளினிக் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.