ஸ்பெல்லிங் தடுமாறுகிறவர் ஆங்கிலம் கற்பிக்கலாமா?

கேள்வி: மகள் பி.ஏ. ஆங்கிலம் இறுதியாண்டு. நன்றாகப் பேசுவாள், இலக்கணமும் தெளிவு. ஸ்பெல்லிங் மட்டும் தடுமாறுகிறது. செல்டா என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சியை முடித்து, பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க ஆசைப்படுகிறாள். போர்டில் தப்பாக எழுதினால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது.

பதில்: தாராளமாகப் போகலாம், அம்மா. ஆனால் ஸ்பெல்லிங் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள்.

கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா, குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி. அதில் 6 மணி நேரம் நிஜ மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். 750 முதல் 1,000 சொற்களுக்குள் 4 கட்டுரைகளும் உண்டு. கட்டுரையைக் கணினியில் எழுதித் திருத்த அவகாசம் இருக்கும். இடறுவது போர்டில்தான். அவள் எழுதியதை மாணவர்கள் அப்படியே நோட்டில் இறக்கிக்கொள்வார்கள். அந்தப் பிழை அவர்களோடு வீட்டுக்குப் போய்விடும்.

ஒரு பாடத்துக்குப் புதுச் சொற்கள் எட்டு, பத்து போதும். முந்தின இரவே அவற்றை அகராதியில் சரிபார்த்து, போர்டு எப்படி அமையும் என்று ஒரு தாளில் எழுதிவைக்கட்டும். வகுப்பில் அதைப் பார்த்தே எழுதலாம். எதிர்பாராத சொல் வந்தால் ஊகித்து எழுதக் கூடாது. ஒரு மாணவரை அகராதி பார்த்து எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லட்டும். அது அவருக்கும் பயிற்சி. பிழையை யாராவது சுட்டினால் நன்றி சொல்லிவிட்டு, ஓர் எழுத்தை மட்டும் மாற்றாமல் முழுச் சொல்லையும் அழித்து எழுத வேண்டும். அடித்துத் திருத்திய சொல்லைப் பார்த்து எழுதுகிறவர் மறுபடி தப்பாகவே எழுதுவார்.

அடுத்தது, அவளுடைய பிழைகளை ஒரு நோட்டில் வகைபிரித்து எழுதுவது. 'பிகின்' இரண்டாம் அசையில் அழுத்தம் பெறுவதால் 'பிகினிங்'கில் 'என்' இரட்டிக்கும். 'ஓப்பன்' முதல் அசையில் அழுத்தம் பெறுவதால் 'ஓப்பனிங்'கில் இரட்டிக்காது. இந்த ஒரு விதி பல சொற்களைத் திருத்திவிடும். 'டிராவலிங்' இதற்கு அடங்காது: பிரிட்டிஷ் முறையில் 'எல்' இரண்டு, அமெரிக்க முறையில் ஒன்று. ஆகவே ஒரு முறையைத் தேர்ந்து கணினியிலும் அதையே அமைக்கட்டும். ஸ்பெல்செக்கரை முழுக்க நம்ப வேண்டாம். 'அங்கே', 'அவர்களுடைய' என்ற பொருள்தரும் இரண்டு ஆங்கிலச் சொற்களும் ஒரே மாதிரி ஒலிக்கும். இடம் மாறி விழுந்தால் அது பல நேரம் கண்டுபிடிக்காது.

விதிக்கு அடங்காத சொற்களைப் பார்த்து, சொல்லி, மூடி, எழுதி, சரிபார்க்கட்டும். அன்று ஒரு முறை, மூன்றாம் நாள், ஏழாம் நாள். வரிசையாகப் பத்து முறை எழுதினால் கைதான் வலிக்கும். இதில் அவள் அறிவுக்குக் குறை எதுவும் இல்லை. 1476 வாக்கில் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் வைத்த பிறகு ஆங்கில எழுத்து மெல்ல நிலைபெற்றது. உச்சரிப்போ மாறிக்கொண்டே போனது. முழங்காலைக் குறிக்கும் சொல்லின் முதல் 'கே' அந்நாளில் ஒலித்த எழுத்து.

சிறுவயது முதலே வாசிப்பும் மெதுவாக இருந்து, எழுத்துகள் இடம் மாறி விழுகின்றன என்றால் டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பிலும் எழுத்திலும் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு, இருக்கிறதா என்று பரிசோதனை செய்துவிடுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதுவும் இடம்பெற்றிருக்கிறது. இருப்பது உறுதியானால், செல்டா நேர்முகத்தின்போதே பயிற்சி மையத்திடம் சொல்லி, என்ன சலுகை தருவார்கள் என்று கேட்கட்டும்.