வட சென்னையில் ஜெனரேட்டருக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 ஆயிலை, கனடாவில் தம்பி வாங்கிய பனி அள்ளும் இயந்திரத்துக்கும் ஊற்றலாமா?

வேண்டாம். தம்பி இருப்பது வின்னிபெக் என்கிறீர்கள். அங்கே ஜனவரி இரவுகளில் மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது சாதாரணம். 5டபிள்யூ-30, அதிலும் முழு சிந்தெடிக் வாங்கச் சொல்லுங்கள். இயந்திரத்தோடு வந்த கையேடு வேறு அளவு சொன்னால் கையேட்டின் பேச்சைத்தான் கேட்க வேண்டும்.

கொருக்குப்பேட்டையில் ஜெனரேட்டர்களையும் பெட்ரோல் பம்புகளையும் பழுது பார்ப்பவன் நான். ஆயில் கெட்டியாக இருந்தால்தான் இன்ஜின் உழைக்கும் என்பது எங்கள் பக்கத்தில் வேதவாக்கு. மார்கழி விடியலிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் ஊரில் அந்த நம்பிக்கையால் பெரிய கேடு வருவதில்லை. மழைத் தண்ணீரை நாள் முழுக்க இறைக்கும் பம்புக்கு நானே 20டபிள்யூ-40 ஊற்றித்தான் அனுப்புகிறேன்.

டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண்தான் குளிருக்கு உரியது. இன்ஜினைச் சுழற்ற விடுமா என்று 20டபிள்யூ ஆயிலைச் சோதிப்பது மைனஸ் 15 டிகிரியில். 5டபிள்யூவுக்கு அந்தச் சோதனை மைனஸ் 30இல். பின்னால் வரும் 30, 40 எல்லாம் இன்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்ற கணக்கு.

இந்த வகைச் சிறிய இன்ஜின்கள் பலவற்றில் ஆயில் பம்பே கிடையாது. பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடின் அடியில் கரண்டி போல ஒரு நாக்கு இருக்கும். சுற்றும்போது அதுதான் ஆயிலை வாரி இறைக்கும். குளிரில் ஆயில் இறுகிவிட்டால் நாக்கு அதில் ஒரு பள்ளம் வெட்டிக்கொண்டு சும்மா சுற்றும். பேரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் ஒன்றும் போய்ச் சேராது. ஸ்டார்ட் செய்யக் கயிற்றை இழுத்துத் தோள் வலிப்பது வெளியே தெரிகிற தொல்லை. உள்ளே தேய்வது அப்போது தெரியாது.

புல் வெட்டும் இயந்திரத்துக்கு வாங்கிய, டபிள்யூ எண் இல்லாத எஸ்ஏஇ 30 ஆயில் மீதம் இருந்தால் தம்பி அதையும் ஊற்றிவிடப் போகிறார்! அது கோடைக்கு உரியது. 4 டிகிரிக்குக் கீழே ஸ்டார்ட் ஆக மிகவும் அடம்பிடிக்கும். இயந்திரம் பழைய டூ-ஸ்ட்ரோக் என்றால் நான் சொன்ன எதுவும் பொருந்தாது. அதில் பெட்ரோலோடு கலக்கும் ஆயில் தனி.

வாசல் பனியை மட்டும் ஐந்து நிமிடம் தள்ளிவிட்டு அணைக்கும் பழக்கமும் கூடாது. இன்ஜின் சூடேறாவிட்டால் உள்ளே ஈரம் தங்கும். அளவுக் குச்சியில் ஆயில் வெளுத்துத் தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும்.

ஆயிலை இங்கிருந்து வாங்கி அனுப்பாதீர்கள். அங்கே கார்களுக்கே 5டபிள்யூ-30 பரவலாக ஊற்றுகிறார்கள்; தேடி அலைய வேண்டியிருக்காது.